நாலு மணிக்கு வந்த எட்டாவது போன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதறது. இங்க நாங்க நல்லபடியா இருக்கோம், அம்மாவோட கழுத்து வலி பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, என் சர்க்கரையும் சொன்ன பேச்சு கேக்குது. நீயும் அந்தக் குளிர்ல மூக்கை உறிஞ்சிக்கிட்டு இல்லாம சுகமா இருக்கணும். போன் இருக்கறப்ப இந்த மனுஷன் எதுக்குக் கடுதாசி எழுதறார்னு நினைப்ப. போன்ல ஆரம்பிச்சா நீ பாதியிலேயே சிரிச்சுடுவ, அம்மா நடுவுல பூந்து முடிவை முதல்லயே சொல்லிடுவா, அதுவும் இல்லாம இதுல ஒரு இடத்துல என் முகம் போற போக்கைக் கேமராவுல காட்ட எனக்கு இஷ்டம் இல்ல. அதனால உக்காந்து எழுதறேன், நீயும் உக்காந்து படி. ஒரு விஷயத்துல நீ கையும் களவுமா மாட்டிக்கிட்ட, அதையும் இப்பவே சொல்லிடறேன்.

விஷயம் அம்மாவோட தையல் வகுப்புல ஆரம்பிச்சது. பின் ரூம்ல மெஷினை வெச்சுக்கிட்டு டேப்லெட் வழியா பன்னிரண்டு பேருக்குச் சொல்லிக் குடுக்கறாளே, அந்த ரூமுக்கு வைஃபை வந்தா வரும், வரலைன்னா வராது. போன மாசம் ரவிக்கைக்குக் கை வெட்டறது எப்படின்னு பாடம். கத்திரியைத் துணி மேல வெச்சு "இங்க வெட்டாதீங்க"ன்னு சொல்ல வாயெடுத்திருக்கா, "இங்க வெட்டு"ங்கற வரைக்கும் அந்தப் பக்கம் போயிருக்கு, அதோட படம் உறைஞ்சு நின்னுடுச்சு. இவ திரும்பி வர்றதுக்குள்ள பதினோரு பேர் வெட்டி முடிச்சாச்சு. பன்னிரண்டாவது ஆள் கத்திரி காணாம தேடிக்கிட்டு இருந்ததால தப்பிச்சாங்க. அம்மா மெஷினை மூடிட்டு ஹாலுக்கு வந்து, இந்த வீட்டுக்கு ஒழுங்கா நெட் போடு, இல்லைன்னா அந்தப் பன்னிரண்டு பேரையும் நேர்லயே வரச் சொல்லி உன் கட்டில் மேல உக்கார வெச்சுப் பாடம் நடத்துவேன்னு சொன்னா. சொன்னா செய்யறவன்னு உனக்கே தெரியும்.

விசாரிச்சதுல நெட்வொர்க் போடற ஒரு அம்மாவைச் சொன்னாங்க. என்னை விட பத்து வயசு சின்னவங்க இருப்பாங்க, காதுல பென்சில், ஒரு தோள்ல மடக்கு ஏணி, இன்னொரு தோள்ல கேபிள் வளையம். வார நாள்ல ஆபீசுங்களுக்குப் போவாங்களாம், வீடுங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான். வந்ததும் ஒவ்வொரு ரூமா போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க, கடைசியா ரூட்டர் எங்கன்னு கேட்டாங்க. நான் செருப்பு அலமாரியைத் திறந்து காட்டினேன். அந்தப் பச்சை விளக்கு மினுக் மினுக்குனு கண்ணை உறுத்துதுன்னு நாலு வருஷம் முன்னாடி நான்தான் அதுக்குள்ள வெச்சேன். அந்தம்மா அலமாரியையும் பார்த்தாங்க, என்னையும் பார்த்தாங்க. "சார், நீங்க என்ன வேலை பார்த்தீங்க"ன்னு கேட்டாங்க. பல் செட் செய்யற லேப்ல முப்பத்தி ஒரு வருஷம்னு சொன்னேன். "அப்ப செஞ்ச பல்லை வாயில வைப்பீங்களா, பையில வைப்பீங்களா"ன்னாங்க. அம்மா அன்னைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. முடிவு என்னன்னா, ஹால் நடுவுல புது ரூட்டர், அதுலேர்ந்து சுவர் ஓரமா கேபிள் இழுத்து, வைஃபையை ரூம் பூரா பரப்பறதுக்குக் கூரையில சாப்பாட்டுத் தட்டு மாதிரி வெள்ளையா ஒட்டற ஆக்ஸஸ் பாயின்ட் மூணு. ஒண்ணு தையல் ரூமுக்கு, ஒண்ணு படுக்கை ரூமுக்கு, மூணாவது நான் பேப்பர் படிக்கற பால்கனிக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் தூங்கற ஆள். அன்னைக்கு டிரில் சத்தத்துல தூக்கம் போச்சு, அந்தம்மா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். பழைய ரூட்டர்ல இருக்கறதை எல்லாம் புதுசுக்கு மாத்தணும்னு எது எது அதுல ஒட்டிக்கிட்டு இருக்குன்னு லேப்டாப்புல வரிசையா எடுத்துக் காட்டினாங்க. என் போன், அம்மா போன், டேப்லெட், டிவி, உன் பழைய லேப்டாப், பிரின்டர், அந்தம்மாவோட லேப்டாப், மொத்தம் ஏழு. நாங்க பார்த்துக்கிட்டே இருக்கறப்ப எட்டாவதா ஒரு போன் வந்து உக்காந்துது. மணி சரியா நாலு. இது யாருதுன்னு கேட்டாங்க. வீட்டுல இருக்கற எல்லா போனையும் மேஜையில பரப்பி எண்ணிப் பார்த்தோம், செத்துப் போன பழைய போனைக் கூட இழுப்பறையிலேர்ந்து எடுத்தேன். எட்டாவது ஆள் நம்ம ஆள் இல்ல. சிக்னல் குறைச்சலா இருக்கு, ஆள் வாசக்கதவுக்கு வெளியிலதான் எங்கேயோன்னாங்க. எனக்கு வந்ததே கோபம், எவனோ நம்ம வீட்டு நெட்டைத் திருடறான்னு சத்தம் போட்டேன். அம்மா அந்த நேரம் பார்த்து, எனக்கு அடுப்புல வேலை இருக்குன்னு எழுந்து போனா. அடுப்புல ஒண்ணும் இல்ல. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். பழைய ரூட்டரோட ஒயரைப் பிடுங்கிடுங்க, எவன்னு பார்த்துடலாம்னு சொன்னேன். அவங்களும் பிடுங்கிட்டாங்க. அன்னைக்கு நாலு அஞ்சுக்கு உன் போன்ல பேசிக்கிட்டிருந்த முகம் சட்டுனு மறைஞ்சிருக்குமே, அது என் வேலைதான்.

ஒரு நிமிஷம் கூட ஆகல. படிக்கட்டுலேர்ந்து "வாலு, வாலு, கேக்குதா, நான் தெரியறேனா"ன்னு ஒரு குரல். உன்னை வாலுன்னு கூப்பிடற ஆள் உலகத்துல ஒருத்தர்தான். நான் கதவைத் திறந்தேன். நம்ம மாடிக்கும் அவர் இருக்கற மூணாவது மாடிக்கும் நடுவுல, படியில பேப்பர் விரிச்சு உக்காந்திருக்கார் உன் பெரியப்பா. தேய்ச்ச சட்டை, தலையைப் படிய வாரி, பவுடர் கூட போட்டிருக்கார், போனைக் கை நீட்டித் தூக்கிப் பிடிச்சிருக்கார். வாழ்நாள் பூரா லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்துல, வீங்கின முட்டியோட பத்துப் படி இறங்கி வந்து உக்காந்திருக்கார். நாலு வருஷமா ஒரே படிக்கட்டுல ஏறி இறங்கியும் நாங்க முகம் பார்த்துக்கிட்டதில்ல, அவர் இறங்கற சத்தம் கேட்டா நான் கதவுக்குப் பின்னாடியே சாவியைத் தேடற மாதிரி நின்னுடுவேன். இப்ப நேருக்கு நேர். "நெட் மாத்தறோம்"னேன். "அப்படியா, எவ்வளவு நேரம் ஆகும்"னு கேட்டார். "அரை மணி"ன்னேன். சரின்னு தலையாட்டினார். நான் உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். நாலு வருஷத்துக்கு அப்புறம் அண்ணனும் தம்பியும் பேசினது அவ்வளவுதான்.

எங்களுக்குள்ள என்ன நடந்துதுன்னு உன்கிட்ட யாரும் முழுசா சொல்லியிருக்க மாட்டாங்க, அவர் நிச்சயமா சொல்லியிருக்க மாட்டார். உனக்கு வேலைக் கடிதம் வந்த வாரம், நீ வெளியில போயிருந்தப்ப, சாப்பாட்டு மேஜையில உக்காந்து நான் உன்னை அனுப்ப மாட்டேன்னு குதிச்சுக்கிட்டு இருந்தேன். அவர், "அவ போகட்டும்டா, உன் பயத்தை அவ பெட்டியில வெச்சுக் கட்டாதே"ன்னார். நான் அதுக்கு, "பிள்ளை பெத்திருந்தா உனக்கு அந்தப் பயம் தெரிஞ்சிருக்கும்"னு சொல்லிட்டேன். ஒரு குழந்தைக்காக அவரும் உன் பெரியம்மாவும் எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாங்கன்னு எனக்குத் தெரியும், எத்தனையோ தடவை கூடப் போனவன் நான். பெரியம்மா போய்ச் சேர்ந்து அப்ப மூணு வருஷம் கூட ஆகல. அவர் தண்ணி டம்ளரைப் பாதியில வெச்சுட்டு எழுந்து போனார். சொன்னது நான், கோபமா முகத்தைத் திருப்பிக்கிட்டதும் நானே. தப்பு செஞ்சவனுக்குத்தானே அதிக ரோஷம் வருது.

நெட் மாத்தின அன்னைக்குச் சாயங்காலம் அம்மாவைப் பிடிச்சு விசாரிச்சேன். எல்லாம் தெரியும் அவளுக்கு. நீ ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே பாஸ்வேர்டை அவருக்கு எழுதிக் குடுத்திருக்க, அவர் வீட்டுக்குள்ள போன் சிக்னலே எடுக்காதுங்கறதால ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் படியில உக்காந்து உன்னோட பேசறது நாலு வருஷமா நடக்குது, நான் குறட்டை விடற நேரத்துல இவ காத்து வரட்டும்னு வாசக்கதவை ஒருக்களிச்சு வைக்கறா. எந்தக் காத்து வருதுன்னு இப்பதான் எனக்குப் புரிஞ்சுது. மூணு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்கன்னு ரெண்டு நாள் முறைச்சுக்கிட்டு இருந்தேன். அம்மா அதைக் கண்டுக்கவே இல்ல, புது நெட்டுல அவ வகுப்பு வழுக்கிக்கிட்டு போகுது, பதினோரு பேருக்கும் வெட்டின கையை ஒட்டுப் போட்டுச் சரி பண்றது எப்படின்னு ஒரு தனிப் பாடமே எடுத்தா.

மூணாவது ஆக்ஸஸ் பாயின்ட் மட்டும் பாக்கி, அதை மாட்ட அந்தம்மா புதன்கிழமை காலையில ஆபீஸ் வேலைக்குப் போற வழியில வந்தாங்க. பால்கனியில ஏணியைப் போட்டுட்டு, இங்கதானேன்னு கேட்டாங்க. நான் ஆமான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆனா வந்தது வேற. இந்தக் கேபிள் மேல் மாடி வரைக்கும் போகுமான்னு கேட்டேன். குழாய் போற சந்து வழியா தாராளமா போகும், ஆனா அந்த வீட்டுக்காரர் சுவர்ல ஓட்டை போடச் சம்மதிக்கணுமேன்னாங்க. நீங்களே கேளுங்கன்னேன். ஏணியைத் தோள்ல போட்டுக்கிட்டு, "உங்க அண்ணன்தானே சார், நீங்க முன்னாடி நடங்க"ன்னுட்டாங்க. இருபது படி, எனக்கு நூறு மாதிரி இருந்துது.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், ஓரமா தள்ளி வழி விட்டார். போன் வைக்கற மேஜைக்கு மேல, காலண்டர் தாளோட பின்பக்கத்துல பெரிய பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருந்துது. உன்கிட்ட பேசறப்ப மறந்துடக் கூடாதுன்னு எழுதி வெச்சது. நான் கிட்டப் போய்ப் படிச்சேன். தம்பி மூணு நாளா நடக்கப் போகல, என்னன்னு கேக்கச் சொல்லணும். தம்பி இருமல் நின்னுடுச்சு. தம்பி ஷூ அடி தேஞ்சு போச்சு, மழையில வழுக்கும். கடைசி வரி, என் முட்டியைப் பத்திப் பேசாதே. போன மாசம் உன் பார்சல்ல என் அளவுக்கு ஒரு ஜோடி ஷூ வந்துதே, எப்படித் தெரியும்னு கேட்டதுக்குச் சும்மா தோணுச்சுன்னு சொன்னியே. நான் உனக்கு எப்பவும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு ரெண்டு வார்த்தைதான் சொல்றேன். நான் உண்மையில எப்படி இருக்கேன்னு மேல் மாடி ஜன்னல் வழியா பார்த்துச் சொல்ல உனக்கு ஒரு ஆள் இருந்திருக்கார்.

அந்தம்மா அதுக்குள்ள மூலையில ஏணி ஏறி டிரில்லைப் போட்டுட்டாங்க. எனக்கு அப்பவே சொல்லிடணும்னு இருந்துது, இறங்கற வரைக்கும் காத்திருந்தா தைரியம் போயிடும். சொன்னேன். "என்ன"ன்னு காதைக் குடுத்தார். மறுபடி சொன்னேன், கேக்கலன்னு கையை ஆட்டினார். மூணாவது தடவை அடிவயித்துலேர்ந்து, "அன்னைக்கு நான் சொன்னது தப்புண்ணா"ன்னு கத்தினேன், சரியா அந்த நொடியில டிரில் நின்னுது. படிக்கட்டு பூரா எதிரொலிச்சுது, கீழ் வீட்டுக்காரங்க கதவு திறக்கற சத்தம் கேட்டுது. அந்தம்மா ஏணி மேலேயே சுவரைப் பார்த்து நின்னுட்டாங்க. அண்ணன் கண்ணாடியைக் கழட்டிச் சட்டை நுனியால துடைச்சுக்கிட்டே இருந்தார். அதைத் திரும்பப் போட்டுக்கிட்டு, "தூசி விழுது, தள்ளி நில்லு"ன்னார். தள்ளி நின்னேன். அப்புறம், "டீ போடறேன், சர்க்கரை உனக்குக் கிடையாது"ன்னார். அவ்வளவுதான். ஓட்டை அரை மில்லிமீட்டர் சாஞ்சிருக்குன்னு நான் அந்தம்மாகிட்ட சொன்னதுக்கு, "அவன் பல்லுல வேலை பார்த்தவன், நீங்க கண்டுக்காதீங்க"ன்னு அவங்களுக்கும் ஒரு டீ குடுத்தார்.

இப்ப அவர் வீட்டுக் கூரையில அந்த வெள்ளைத் தட்டு இருக்கு, நாற்காலியில சாஞ்சுக்கிட்டு உன்னோட பேசலாம். முட்டிக்கு டாக்டரைப் பார்க்க வெள்ளிக்கிழமை நான் கூட்டிக்கிட்டுப் போறேன், வர மாட்டேன்னு அடம் பிடிக்கறார், நீயும் ஒரு வார்த்தை சொல்லு, உன் பேச்சுக்குத்தான் மடங்குவார். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. ஞாயித்துக்கிழமை நாலு மணியை மாத்தாதே. இப்ப எல்லாரும் சேர்ந்தாச்சேன்னு ஒரே போன்ல எல்லாரையும் உக்கார வெச்சுப் பேசிடாதே. அது அவருக்கும் உனக்கும் உள்ள நேரம், நான் எட்டிப் பார்க்க மாட்டேன், அவரும் ஜன்னலை விட்டுட்டு என்னை நேர்லயே பார்த்து உனக்குக் கோள் சொல்லட்டும். எனக்குன்னு தனியா ஒரு நேரம் குடு, வியாழக்கிழமை எனக்கு வசதி. நான் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லி வைக்க மாட்டேன், நிஜமா பேசறேன். நீயும் அங்க தனியா இருக்கறப்ப என்ன சமைக்கற, யாரோட சிரிக்கற, எதுக்கு அழற, எல்லாம் சொல்லு.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலைன்னு கண்ணைக் கெடுத்துக்காதே, காதை மூடற மாதிரி தொப்பி போடு. எந்தக் குறையும் உன்னை அண்டாம, மனசு நிறைஞ்சு நீடூழி இருக்கணும்னு நானும் அம்மாவும் பெரியப்பாவும் ஆசீர்வாதம் பண்றோம். கவர் மேல விலாசம் எழுதினது பெரியப்பா, எழுத்து அடையாளம் தெரிஞ்சிருக்கும். இத்தனை நாள் நான் சொல்லாத ஒண்ணு பாக்கி இருக்கு. நீ போனது நல்லதுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா