கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்

மே 19, ஞாயிறு

குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. எருமப்பட்டியில் பாதிப்பேர் அங்கேதான். பந்தியில் இவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாய் கோணி, பேச்சு குழறியது. போன வருஷம் இதே கோயிலில் கற்பூரத்தை அடித்து அணைத்து, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்! அத்தனை பேர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். நடிப்பு! வீட்டுக்குக் கூட்டிவந்து, வாசலில் கட்டிலைப் போட்டு அதில் அவரைத் தள்ளிவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். தெளியட்டும்.

மே 21, சேலம்

எழுதவே கூசுகிறது. அது குடியில்லை.

நேற்றுக் காலை கதவைத் திறந்தால் வலது கையும் காலும் துவண்டு கிடக்கிறார். கண் மட்டும் என்னையே பார்த்தது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"

விருந்துக்கு வராத மாமியார், ராசிபுரத்திலிருந்து ஓடிவந்து பக்கத்தில் நிற்கிறார். "காலைல காபி குடிக்கறப்ப நல்லாத்தானுங்க இருந்தாரு" என்றேன். எப்படி வந்தது அந்தப் பொய்?

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அடைத்திருந்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி தயாரானது. "ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ளதான் இதைப் போடலாம். லேட்டாயிருந்தா உள்ள ரத்தம் கசிஞ்சு உயிரே போயிடலாம். நீங்க சொன்ன நேரம் சரிதானே?"

மாமியார் பக்கம் பார்த்தேன். மானம் பெருசா, அவர் உசுரு பெருசா?

"இல்லீங்க. நேத்து மத்தியானமே இப்படித்தான். குடிச்சிட்டாருன்னு வெளிய போட்டுட்டேனுங்க."

"என்ற மகன வாசல்ல போட்டு ஊட்டப் பூட்டுனயா?" மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஊசியை நிறுத்தினார், மறுபடி ஸ்கேன் எடுத்தார். பெரிய குழாயிலேயே அடைப்பு, மூளையில் காப்பாற்ற இன்னும் மிச்சம் இருக்கிறது என்று உடனே சேலத்துக்கு அனுப்பினார். இங்கே தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுத்திருக்கிறார்கள்.

மே 24

வலது கைவிரல் அசைந்தது. பேச்சு இல்லை. மாமியார் என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும்.

ஜூன் 16

வீடு. இன்று "தண்ணி" என்றார். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்கு வந்துவிட்டேன். சத்தியத்தை அவர் மீறவே இல்லை. ஊர் இன்னும் மீறினதாகத்தான் பேசுகிறது. நான் கிளப்பிவிட்ட பேச்சு.

செப்டம்பர் 8

மாமியாரைப் பார்க்க ராசிபுரம் பஸ்ஸில் கிளம்பினோம். படியில் கால் இடறியது. டிக்கெட் கேட்கையில் இவருக்கு நாக்கு குழறியது. "காலைலயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா? எறங்குய்யா" என்றார் கண்டக்டர். நாலைந்து பேர் சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

எழுந்து நின்றேன். "அவரு குடிக்கலீங்க. மூளைக்கு ரத்தம் போற குழா அடைச்சுக்கிச்சு. கிடா வெட்டுலயும் குடிக்கலீங்க. நாந்தான் குடிச்சாருன்னு சொல்லி, ராத்திரி பூரா வாசல்ல போட்டவ."

யாரோ இடம் விட்டு எழுந்தார்கள். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"போ...தும். உக்...காரு, மை...திலி."

அந்தக் கிடா வெட்டுக்குப் பிறகு என் பெயரைச் சொன்னது இன்றுதான்.