ஓரத்தில் எழுதிய பெயர்

4 டிசம்பர் 1950
பாரிஸ் முழுக்கக் குளிர். எங்கள் உடுப்பு நிறுவனத்தின் ஒத்திகை அறையில் இன்னும் மோசம். கோட்டைக் கழற்றியதும் இருமல் பிடித்துக்கொண்டது. வாயைப் பொத்தி, தோளைக் குறுக்கி நின்றேன். புது உடுப்புகளை வரைகிற முதலாளி தொர்வால் பென்சிலும் கையுமாக ஓடிவந்தார். "லுசெத், அப்படியே நில்லு! அசையாதே!"

நாலு கோடு இழுத்தார், ஒரு கறுப்பு உடுப்பு. முகம் இல்லை, அவர் என்றைக்குமே முகம் வரைவதில்லை. ஆனால் ஓரத்தில் என் பெயரை எழுதினார்! அந்தக் கறுப்பு உடுப்பை என் உடம்புக்குத்தான் தைப்பார்கள், பிப்ரவரி ஃபேஷன் காட்சியில் நான்தான் அதைப் போட்டு நடப்பேன். இதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன்.

15 டிசம்பர்
தையல்கூடத்து பெர்த்தியே அம்மா இன்றும் உடுப்பின் இடுப்பைப் பிடித்துத் தைத்தார். "படத்துல இருக்கிற மாதிரியே ஆயிட்டு வர்றடி. என்னதான் திங்கிற?"
"காத்து."
எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

25 டிசம்பர்
கைக்குட்டையில் ரத்தம்.

8 ஜனவரி 1951
காசநோயாம். "நாளைக்கே மலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்மா" என்றார் டாக்டர். காட்சி முடியட்டும் என்றேன். "ஒரு உடுப்புக்காகவா சாகப் போற?"

அவருக்கு என்ன தெரியும்? அந்தப் பெயரை அடித்துவிட்டால் நான் யார்? கோட்டு மாட்டுகிற ஆணி. யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னோடு காட்சியில் நடக்கிற ஜினெத் வழக்கம்போல் என் கோப்பையிலிருந்தே காபி குடித்தாள். தடுத்திருக்கலாம். தடுத்தால் ஏன் என்று கேட்பாளே!

30 ஜனவரி
கடைசி ஒத்திகை. கறுப்புத் துணியில் ரத்தம் தெரியவில்லை. வெள்ளைக் கையுறை காட்டிக்கொடுத்துவிட்டது. முதலாளி படத்தில் என் பெயரை அடித்தார், ஜினெத் என்று எழுதினார். "லுசெத் எப்படி நின்னா, பார்த்திருக்கியே? அதே மாதிரி நில்லு."

பாவி மனுஷா! அது இருமல்யா, இருமல்!

17 ஜூன், மலை ஆஸ்பத்திரி
ஜினெத் பார்க்க வந்தாள். கொண்டுவந்த பத்திரிகை அட்டையில், அந்தக் கறுப்பு உடுப்பில் அவள் நிற்கிற படம். "பாரிஸ்ல எல்லாப் பொம்பளையும் இப்ப இப்படித்தான்டி நிக்கிறாங்க, வாயில கைய வச்சுக்கிட்டு!" என்று நின்று காட்டினாள். இந்த வார்டில் எல்லோருமே அப்படித்தான் நிற்கிறோம் என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன்.

அவள் கையை எடுக்கவில்லை. இருமலில் தோள் குலுங்கியது. சுத்தமான கைக்குட்டை ஒன்று கொடுத்தேன். துடைத்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். பிரித்துக் காட்டு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.