ஆணியில் மாட்டிய தூக்கு

ஐப்பசி, செவ்வாய் இரவு, 2001. ராயபுரம்.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் ஸ்டெல்லா எழுதுகிறாள்.

கம்ப்யூட்டர் கம்பெனிக்காக அவள் எழுதிய விளக்கப் புத்தகம் இன்று திருத்தச் சொல்லித் திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் வந்தால் வேலை நிலைக்காதாம். என்ன தப்பு என்று கேட்டேன்.

“பாயிண்டர்னா பொருள் இல்ல நைனா, பொருள் கீற எடத்த காட்றது. அந்த எடத்துல நாம பொருள வச்சும் அனுப்புவோம், காலியா அனுப்பி வாங்கிக்கிற புரோகிராம ரொப்பவும் சொல்லுவோம். நான் பக்கத்துக்கு ஒரு மாதிரி எழுதிகினேன். வச்சி அனுப்புனா ஒரு பேச்சு, காலியா அனுப்புனா வேற பேச்சு, மொத பக்கத்துலேந்து கடைசி வரிக்கும் அதயே மாத்தாம எழுதணும். அப்டி மாத்தணும்.”

“இது உங்கம்மா போட்ட சட்டம்மா” என்றேன்.

நான் ஹார்பரில் மூட்டை தூக்கிய காலம். கேட்டுக்கு எதிர் டீக்கடை ஆணியில் அவள் பித்தளைத் தூக்கை மாட்டிவிட்டுப் போவாள். சில நாள் சோறு இருக்கும். சில நாள் மீன் வாங்கி வரக் காலியாக மாட்டுவாள். “தூக்கு ஆணியில கீது” என்று மட்டும் டீக்கடைக்காரரிடம் சொல்லியனுப்ப, ஒருநாள் அவசரத்தில் சோறு என்று நினைத்துக் காலித் தூக்கோடு மூட்டை இறக்கக் கப்பலேறிப் பட்டினி கிடந்தேன். வீட்டில் பெரிய சண்டை. அதற்குப் பிறகு “சோறு வச்சிகீறேன்”, “மீன் வாங்கியா”, தூக்கைப் பற்றி இந்த இரண்டைத் தவிர வேறு பேச்சில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றுதான் அந்தச் சட்டத்தை மறந்தாள். “தூக்கு ஆணியில கீது” என்றாள். காலி என்றே நினைத்தேன். அவளைச் சேர்த்துவிட்டுத் தனியாக வீடு திரும்பி, ஆணியில் தொங்கியதை எடுத்துத் திறந்தேன். சோறும் வஞ்சிர மீன் குழம்பும். அவள் வைத்த கடைசிச் சோறு.

எழுதும்மா. இன்னாத்துக்கு நிறுத்திட்ட?