யாரும் கூப்பிடாத பந்து

என் செல்லத் தம்பி வேலு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் வாலிபால் உண்டோ இல்லையோ, இங்கே நான் சனிக்கிழமைதோறும் ரஹாங்கிலிருந்து பஸ் ஏறிப்போய்ப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லித்தருகிறேன். சிரிக்காதே.

கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனாலும் தோற்றுக்கொண்டே இருக்கிறோம், என்னால்தான். தரையில் ஆளுக்கொரு கட்டம் போட்டு, அவரவர் கட்டத்தை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும், யாரும் குரல் கொடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். இரண்டு கட்டத்துக்கும் நடுவே வரும் பந்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். அது விழுந்துவிடுகிறது.

நேற்று செல்வி என்ற பெண் கேட்டே விட்டாள். "சார், 'நான்'னு ஒரு சத்தம் குடுத்தா மத்தவங்க ஒதுங்கிடுவாங்க லா. எல்லா டீமும் அப்படித்தானே ஆடுது? நமக்கு மட்டும் ஏன் சார் கூடாது?"

"வாய மூடிக்கிட்டு ஆடு" என்று எரிந்து விழுந்தேன். அவள் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போதிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அவளிடம் என்னத்தைச் சொல்வது? கோலா சாவா ரப்பர் தோட்டத்தில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் நிற்கும் களத்தில் ஜப்பான்காரன் வலை கட்டி நம்மை ஆடவிட்டானே, அப்போது எவனும் வாய் திறக்க மாட்டான். குரல் கொடுத்தால் அவன் கண்ணில் படுவோம் என்ற பயம். நீ ஒருத்தன்தான் "விடு, நான்" என்று கத்திக்கொண்டு ஓடுவாய். நாம் ஜெயித்ததெல்லாம் அதனால்தான்.

அப்புறம் சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி வந்தது. தோட்டத்தில் நம்மை வேலை வாங்கும் மண்டோர் நம் வீட்டு வாசலில் நின்றார்.

"வீட்டுக்கு ஒரு ஆளுப்பா. ரெண்டு பேர்ல யாரு வர்றீங்க?"

மூத்தவன் நான். எனக்கு நாக்கு எழவில்லை. நீ "நான் வர்றேன்" என்றாய், பந்துக்குச் சொல்வதுபோலவே. லாரியில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாயா? நான் தலையைக் குனிந்திருந்தேன். நீ திரும்பி வரவே இல்லை.

அந்தச் சொல் இன்னொரு பிள்ளை வாயிலிருந்து வருவதைக் கேட்க முடியாமல்தான் கட்டம் போட்டேன். என் பயத்தைப் பாடமாக்கிவிட்டேனடா.

அன்று மரவள்ளி பிடுங்கப் போயிருந்த அம்மா வந்து கேட்டபோது, "மண்டோர்தான் தம்பியப் புடிச்சுக் குடுத்துட்டாரு" என்றேன். அம்மா இன்னும் இருக்கிறாள். மண்டோர் செத்து எத்தனையோ வருஷமாகியும் அவரைச் சபிக்காமல் ஒரு வாய் சோறு தின்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை கட்டங்களை அழித்துவிடுவேன். செல்வியைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்பேன். இப்போது அடுப்படியில் அம்மா தட்டு எடுக்கும் சத்தம் கேட்கிறது. இதை மூடிவைத்துவிட்டு நேரே போய் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சத்தியம். இனி அவள் என்னைச் சபித்துவிட்டுச் சாப்பிடட்டும்.

அன்று வாய் திறக்காத
உன் அண்ணன்