காற்றுப் பார்த்த சீலைத் துண்டு

சாந்தோம்,
14-6-1948

அன்புள்ள புஷ்பத்துக்கு இசக்கிமுத்து எழுதுவது. நான் சுகம். உன் இருமல் நின்றதா? அம்மா நடக்கிறாளா?

எங்கள் பட்டறை முதலாளி காஸ்பர், என்ஜின் இல்லாத விமானம் செய்கிறார் என்று எழுதியிருந்தேனே. எதிர்க்காற்றில்தான் அது எழும்பும். செவ்வாயன்று பரங்கிமலைச் சரிவில் மேற்கே பார்த்து நிறுத்தினோம். அவர் ஏறி உட்கார்ந்தார், நான் பின்னால் வால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூங்கிலில் கொடியாகக் கட்டியிருந்த உன் பழைய சீலைத் துண்டு சட்டென்று துவண்டு, மேற்குப் பக்கமாகத் திரும்பிப் பறந்தது. கடல்காற்று முதுகுப்புறம் வந்துவிட்டது.

“இன்னா முத்து, கயித்த உட்றா!” என்று கத்தினார். நான் விடவில்லை. அவர் திட்டிக்கொண்டே இறங்கிய மறுநிமிஷம் காற்று விமானத்தைக் கவிழ்த்துப் போட்டது. அவருக்கு ஒன்றுமில்லை. எனக்கு உள்ளங்கையில் கொஞ்சம் தோல் உரிந்தது, அவ்வளவுதான். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

அந்தத் துண்டு மட்டும் காற்றோடு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூராவும் தேடினேன். இங்கே வேறு வேலையும் இல்லை, பேச ஆளும் இல்லை.

ஊறுகாய் அனுப்பும்போது நீ உடுத்துகிற சீலையில் ஒரு முழம் கிழித்து வை. தபால் எடுக்க வந்துவிட்டார்கள், நிறுத்துகிறேன்.

இசக்கிமுத்து

துவைக்காமல் அனுப்பு. துவைத்தால் கஞ்சி போடுவாய். கஞ்சி போட்ட துணிக்குக் காற்று தெரியாது.