வாடைக்காற்று வாழ்த்துக்கு ஒரு மறுமொழி

அன்புள்ள அண்ணாச்சி,

இன்று காலையில் கப்பல் ஆபீசிலிருந்து ஓர் அட்டை வந்தது. சுதந்திரம் வந்து கொடி மாறியும் அந்த வெள்ளைக்கார ஏஜெண்டு இன்னும் ஊருக்குப் போகவில்லை. அட்டையில் பனி மூடின ஒரு வீடு, மார்பு சிவந்த ஒரு குருவி, கீழே தங்க எழுத்தில் இங்கிலீஷ். ஐந்தாம் வகுப்புக்கு மேல் எனக்குச் சொல்லித்தரப் பள்ளிக்கூடத்தில் சரக்கு இல்லாமல் போனதால்தான் நான் நின்றேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே எழுத்துக் கூட்டி நானே படித்தேன். 'பருவகால வாழ்த்துகள்' என்று போட்டிருந்தது. அவ்வளவுதான்.

கிறிஸ்து பிறந்த நத்தார் திருநாளுக்கு மணப்பாட்டிலிருந்து வந்திருக்கும் என் மச்சினன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன அத்தான் இது? சேசு பேரும் இல்ல, மாதா படமும் இல்ல. குருவிக்கா பொறந்தநாளு? அடுப்புல போடுங்க" என்றான்.

நான் அதை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். ஏஜெண்டுக்கு நன்றி சொல்லிப் பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே உங்கள் நினைப்பு வந்து, காகிதம் உங்களுக்கென்று ஆகிவிட்டது.

கருப்பட்டிக் கடை வைத்திருந்த நீங்கள் சாமியே கிடையாது என்று மேடையேறிப் பேசுகிறவர். நானோ கொழும்புக்குத் தோணி ஓட்டுகிற தண்டல். நம் துறைமுகத்தில் என்னை மிஞ்சின தண்டல் இன்றுவரை பிறக்கவில்லை. நமக்குள் எப்படி ஒட்டியது என்று ஊரே கேட்டது. என் கதைகளை நம்பாமலே கடைசிவரை உட்கார்ந்து கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். புயலில் பாய் கிழிந்து, என் வேட்டியையே பாயாகக் கட்டிக் கொழும்பு சேர்ந்ததைச் சொன்னபோது, தராசிலிருந்து கண்ணெடுக்காமல், "வேய், போன மாசம் அது துண்டுல்லா? எப்ப வேட்டியா வளந்துச்சு?" என்றீர்கள்.

நத்தார் அன்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் "தோத்திரம்" என்பார்கள். நாங்களும் "தோத்திரம்" சொல்லி உள்ளே அழைப்போம். சாமியைத் துதிக்கிற அந்த வார்த்தையை நீங்கள் சொல்ல மாட்டீர்கள். அதற்காக வராமலும் இருக்க மாட்டீர்கள். காலைப் பூசை முடிந்து நாங்கள் திரும்புகிற நேரத்துக்குச் சரியாக, ஓலைக் கொட்டான் நிறையப் பனங்கற்கண்டோடு வந்து நின்று, "வாடைக் காத்து இந்த வீட்டுக்குச் சுகம் கொண்டு வரட்டும்!" என்பீர்கள். நீங்களே செய்துகொண்ட வாழ்த்து. நான் "உங்களுக்கும் அண்ணாச்சி" என்பேன்.

உலகச் சண்டைக் காலத்தில் ஒரு வருசம், கோயிலில் பாலன் பிறந்த குடில் கட்டுகிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ரோமாபுரியில்கூட அப்படி ஒரு குடில் கட்டியிருக்க மாட்டார்கள். அந்தக் கனம் தலையிலிருந்து இறங்காமலே வாசலில் நின்றேன். சுற்றிலும் ஐம்பது பேர். உங்களிடம் எதற்கு அளப்பு, ஏழு பேர். மச்சினன் என் காதைக் கடித்தான்: "பொறந்தவரு பேரைச் சொல்லாம ஒரு வாழ்த்து. அதை நீங்களும் வருசா வருசம் வாங்கிக்கிடுதீயளே. குடில் கட்டுன கையா அத்தான் இது?"

நீங்கள் வந்தீர்கள். வாழ்த்தினீர்கள். நான் கையை நீட்டி வாசலை மறித்தேன்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாளாவது தோத்திரம்னு சொல்லிட்டு உள்ள வாங்க. என்ன கொறஞ்சுரப் போவுது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"நான் சொன்னா அது பொய்வே. நல்ல நாளும் அதுவுமா உம்ம வீட்டுக்குப் பொய்யையா கொண்டு வருவேன்?"

"அப்படின்னா அந்த வாழ்த்து எங்களுக்கு வேண்டாம்" என்றேன்.

கொட்டானைப் படியில் வைத்தீர்கள். "இது பிள்ளையளுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினீர்கள். முழங்கால் வலியோடு நீங்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். கடலில் அரை மைலுக்குக் கேட்கிற என் குரல் அன்றைக்கு எங்கே போனதோ, உங்களைக் கூப்பிட வரவில்லை.

குசினியிலிருந்து அடுப்பு வேலையை விட்டுவிட்டு என் வீட்டுக்காரி வந்தாள். "குடில்ல இடையனுவளை நிறுத்தி வச்சீயளே, அவுக எந்த மந்திரத்தைச் சொல்லிட்டு உள்ள போனாக? பிள்ளை பொறந்த வீட்டைப் பாக்க வந்தாக. அண்ணாச்சியும் அதுக்குத்தானே வந்தாக?"

"ஏளா, நீ சும்மா இரு" என்றேன். ஆனால் படியில் இருந்த கொட்டானை நானே எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

மூன்றாம் நாள் தோணி கிளம்ப வேண்டும். சண்டைக் காலத்துக் கடல். போகிறவன் திரும்புவான் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் முகத்தைப் பார்க்காமல் பாய் ஏற்ற மனசு வரவில்லை. முறுக்கும் பணியாரமும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். கூட்டம் நின்றது. எல்லாருக்கும் கேட்கும்படி, "அண்ணாச்சி, வாடைக் காத்து இந்தக் கடைக்குச் சுகம் கொண்டு வரட்டும்!" என்றேன்.

நீங்கள் தராசைக் கீழே வைத்தீர்கள். "வாடை அடிச்சா கருப்பட்டி கசிஞ்சுரும்வே! கடையைக் கெடுக்கவா வந்தீரு?" கூட்டம் சிரித்தது. நீங்கள் ஒரு முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்: "ஒழுங்கா போயிட்டு ஒழுங்கா வாரும். அடுத்த நத்தாருக்கு நான் வாறேன்."

நான் ஒழுங்காகத் திரும்பினேன். வழியில் சப்பான்காரன் நீர்மூழ்கி ஒன்று என்னைக் கண்டு பயந்து முங்கியது. நீங்கள் அதைக் கடற்பன்றி என்று தீர்த்துவிட்டீர்கள்.

ஆனால் அடுத்த நத்தாருக்கு நீங்கள் வரவில்லை. ஆவணியில் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உங்கள் சொல்படியே மயானத்தில் சங்கும் இல்லை, மந்திரமும் இல்லை. நண்பர்கள் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். "சர்வேசுரன் உங்களுக்கு நித்திய இளைப்பாற்றி தரட்டும்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உங்களுக்கு அது பொய். விழுங்கினேன். "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். நான் ஒன்றையும் கூட்டிச் சொல்லாமல் பேசி முடித்த ஒரே இடம் அதுதான்.

கடையில் நாம் சமாதானம் ஆனது உண்மை. ஆனாலும் என் வாசலில் நின்று நீங்கள் கடைசியாகச் சொன்ன வாழ்த்து, நான் வேண்டாம் என்று சொன்ன வாழ்த்து. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சுக்குள் ஒரு இடம் காந்துகிறது. இப்போதெல்லாம் யார் என்ன சொல்லி வாழ்த்தினாலும், அவர்கள் வாய் மூடுமுன்னே "உங்களுக்கும்" என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அவ்வளவு அவசரம்.

ஒன்றை மட்டும் உங்களிடம் மறைக்கக் கூடாது. ஒவ்வொரு நத்தார் காலைப் பூசையிலும் முழந்தாளில் நின்று உங்கள் பேரைச் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். வாய்விட்டு அல்ல, உள்ளுக்குள். கேட்டால் சீறுவீர்கள். "உம்ம சாமிகிட்ட என் பேரை எதுக்குவே இழுக்கீரு?" என்பீர்கள். இந்த ஒன்றை மட்டும் நான் விடுவதாக இல்லை அண்ணாச்சி. பிடிக்கவில்லை என்றால் நேரில் வந்து சண்டை போடுங்கள்.