த்ரோன்னா முறுக்கறதாம்

அன்புள்ள தம்பிக்கு, பெத்தவ இல்லாட்டியும் வளர்த்தவளான உன் சித்தி எழுதிக்கிறது. ஆண்டவன் கிருபையில நானும் உங்க சித்தப்பாவும் சௌக்கியம், உன் இருமல் நின்னுச்சா இல்லையான்னு மொதல்ல எழுது. எனக்கு முட்டிதான் படுத்துது. இருபத்தாறு வருஷமா பட்டு நூல் முறுக்குற மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டே வேலை பார்த்த கால் இல்லையா. இப்ப மில்லுல நூலைச் சோதிக்கிற ரூம்ல உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒண்ணு காலியாச்சு, ஆனா நூல் வாங்க வெளிநாட்டுல இருந்து வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசணும்னுட்டார் மேனேஜர். அது கிடைக்கலன்னா நான் வேலைய விட்டுட வேண்டியதுதான்.

அதுக்காக மதியத்துல மில்லுக்கே ஒரு டீச்சரம்மா வந்து சொல்லித் தர்றாங்க, உன்ன விடச் சின்னப் பொண்ணு. எறியறதுக்கு த்ரோன்னு சொல்லுச்சு. நம்ம மில் போர்டுலயும் சில்க் த்ரோயிங் மில்னு அதானே எழுதியிருக்கு, நாங்க என்னத்தம்மா எறியறோம்னு கேட்டுட்டேன். பாவம், நோட்டுல குறிச்சுக்கிச்சு. மறுநாள் பெரிய அகராதியைப் பார்த்துட்டு வந்து, அந்தக் காலத்துல த்ரோன்னா முறுக்கறது திருப்பறதுன்னுதான் அர்த்தம், கையை முறுக்கி வீசறதால எறியறதுக்கும் அதே வார்த்தை வந்திருக்கும்னு படிச்சவங்க சொல்றாங்க, சக்கரத்துல பானை வனையறதும் அதேதான்னு சொல்லுச்சு. விருந்து வச்சாலும் த்ரோவாம், ஒருத்தரை முறைச்சாலும் த்ரோவாம். அப்படின்னா டீ லேட்டானா உங்க சித்தப்பா தினம் த்ரோதான்.

போன புதன்கிழமை நூல் வாங்கற அம்மா ஒருத்தங்க வந்தாங்க. என் வேலைய விளக்கச் சொன்னார் மேனேஜர். படிச்சதெல்லாம் பறந்துடுச்சு. சாமியை வேண்டிக்கிட்டு பக்கத்துல நூல் சுத்தியிருந்த பாபின்ல ஒரு முழம் உருவி, விரல்ல முறுக்கிக் காட்டி, திஸ் த்ரோன்னேன். அந்தம்மா சிரிச்சுத் தலையாட்டினாங்க. அதோட நிறுத்தியிருக்கலாம், என் வாய் உனக்குத் தெரியாதா, நூல் விரலுக்குத் தளர்வாப் பட்டுது, திஸ் லிட்டில் த்ரோ, நோ குட்னு சொல்லித் தொலைச்சுட்டேன். அது அவங்களுக்கே அனுப்பப் போற நூல்டா! மேனேஜர் பார்த்த பார்வையில இருக்கிற வேலையும் போச்சுன்னு நினைச்சேன். அளந்து பார்த்தா நிஜமாவே முறுக்கு கம்மி. இனிமே எங்களுக்கு வர்ற நூலை இவங்க, அதாவது நான், தொட்டுப் பார்த்த பிறகுதான் அனுப்பணும்னு அந்தம்மா சொல்லிட்டுப் போனாங்களாம், டீச்சரம்மாதான் ஓடி வந்து சொல்லுச்சு.

வேலை கிடைச்சு, திங்கக்கிழமை சோதிக்கிற ரூம் நாற்காலியில உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆகல, பழக்கதோஷம், எழுந்து நின்னுட்டேன். அந்தப் பக்கமா வந்த மேனேஜர், இத்தனை வருஷத்துல முதல் தடவையா, உட்காருங்கம்மான்னார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோட குளிர்ல போகாத. ஆண்டவன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்.

இப்படிக்கு,
இனிமே உட்கார்ந்துக்கிட்டே உனக்காக வேண்டிக்கப் போற
உன் சித்தி